படியில் விழாதவள்

என் முழங்கால் கழன்றது மண்ணிவாக்கம் தாண்டி, படப்பை போகும் சாலையில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும், இரும்புலியூரில் அம்மா வீட்டு மாடிப்படியில் நான் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார்கள். மேலிருந்து எத்தனையாவது படி என்றுகூட ஒரு சித்தி சொல்வாள். அந்தப் படியில் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கியவள் நான். பெரும்பாலும் ஓடித்தான் இறங்குவேன். ஒரு நாளும் விழுந்ததில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். டிராக் பேண்ட், ஷூ, கழுத்தில் விசில், தொண்டை கிழியக் கத்தல், இதுதான் என் வேலை. என் பெண்கள் மண்டல அளவு கோகோவில் ஜெயித்து வந்தபோது அவர்களைவிட நான்தான் அதிகம் குதித்தேன். புடவை கட்டுவது கல்யாணத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும். அன்றைக்குக் கட்டியிருந்தேன். தம்பிக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம், நானும் தம்பியும், அவனுடைய பைக்கில்.

பெண் வீடு படப்பையில். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நான்தான். எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சரின் உறவுக்காரப் பெண். அலைந்து, விசாரித்து, இரண்டு பக்கமும் பேசி, அம்மாவின் நொட்டை நொள்ளைகளை எல்லாம் சமாளித்து முடித்து வைத்திருந்தேன். நிச்சயப் புடவையைக் காட்டிவிட்டு ரவிக்கை அளவு வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான் அன்றைய வேலை. "நல்ல காரியத்துக்குப் போறப்போ பேண்ட் மாட்டிக்கிட்டுப் போகாத" என்று அம்மா சொன்னதால் புடவை. புடவை என்றால் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். இரண்டு காலும் இடது பக்கம், மடியில் ஜவுளிக்கடைப் பை, ஒரு கை தம்பியின் தோளில்.

தம்பி ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே ஓட்டினான். வழியெல்லாம் பேச்சு. "எதிர்ல பாருடா" என்று முதுகில் தட்டினேன். "பார்த்துக்கிட்டுதான்கா இருக்கேன்" என்றான். பார்க்கவில்லை. ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி ரோட்டின் ஓரத்தில் பரவிக் கிடந்தது. வண்டி அதில் ஏறி வழுக்கியது.

விளையாட்டு டீச்சர் இல்லையா, விழும்போது சும்மா விழாமல் காலை ஊன்றிவிட்டேன். பாதம் சாலையோரக் கல்லில் சிக்கிக்கொண்டது. என் மொத்த எடையும் அதன் மேல் வந்து, முழங்கால் மடங்க வேண்டிய பக்கம் மடங்காமல் எதிர்ப்பக்கமாக வளைந்தது. உட்கார்ந்து பார்த்தேன். புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, தொடை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அது என்னுடைய கால் மாதிரியே இல்லை. வலி ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "எந்திரிக்காதம்மா, அப்டியே கெட" என்றார். தம்பியிடம், "முட்டி கயண்டுகினு கீதுப்பா. இன்னா பாத்துகினு நிக்கிற, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு" என்றார். தம்பிக்கு உள்ளங்கையில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. போனைக் கையில் எடுத்தவன் போடவில்லை. "ஆம்புலன்ஸ்னா போலீசும் வரும்ணா" என்றான். பிறகு மண்டி போட்டு என் குதிகாலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நேராக இழுத்தான். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். முட்டி இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. வலி பாதியாகக் குறைந்தது. "நல்லா இருடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

டீக்கடைக்காரர் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி வெளியே டியூட்டி டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் எல்லா எலும்பும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. டாக்டர் சின்னப் பையன், தூக்கம் இல்லாத முகம். படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல. சுளுக்குதான். படியில பார்த்து இறங்கக் கூடாதாம்மா?"

எனக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் பின்னால் வந்து என் தோளை அழுத்தினான். அந்த அழுத்தத்தில் புரிந்தது. அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுதிப் பாஸ் செய்திருந்தான், வேலை கொடுப்பதற்கு முன் நடக்கும் போலீஸ் விசாரணை பாக்கி இருந்தது. அந்த நேரத்தில் ஆக்சிடென்ட் கேஸ் என்று ஏதாவது எழுதிவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. வண்டியில் விழுந்தால் ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்வார்கள், படியில் விழுந்ததாகச் சொல்வார்கள். விபத்து என்றால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லும், போலீஸ் என்றால் அலைச்சல். ஆளாளுக்கு இந்தப் புத்தியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

படி என்று அவன் சொன்னது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் முட்டி கழன்றதை டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. "டாக்டர், முட்டி அப்படியே வெளியே வந்துடுச்சு. இவன்தான் இழுத்து உள்ள போட்டான்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அக்கா பயந்துட்டாங்க சார். சின்ன விஷயத்தையும் கொஞ்சம் பெருசாத்தான் சொல்வாங்க. சும்மா காலை நீட்டி விட்டேன், அவ்ளோதான்."

டாக்டரும் சிரித்தார். கழன்றது என் கால், பார்த்தது என் கண், ஆனால் பேச்சு எடுபட்டது அவனுடையது. படியில் வழுக்கிய ஒரு பொம்பளை, வலியில் உளறுகிறாள். டாக்டர் பாதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அப்போது சூடாகத்தான் இருந்தது. நீளமான பேண்டேஜ் சுற்றி, ஊசி போட்டு, ஐஸ் வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.  ஆட்டோவில் தம்பி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "மாமா, அக்கா இங்க படியில லேசா வழுக்கிட்டாங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

அம்மா வீட்டில் படுத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கெண்டைக்காலில் ஒரு வலி ஆரம்பித்தது. முட்டி வலி வேறு, இது வேறு. உள்ளேயிருந்து யாரோ பிழிவது போல இருந்தது. அம்மா கட்டுக்குக் கீழே பாதத்தில் தைலம் தேய்த்தாள். தேய்க்கிற கை படுவதே எனக்குத் தெரியவில்லை. கால் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தேன், எழவில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமலா போகும்? தம்பியைக் கூப்பிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "இப்பதானேக்கா வந்தோம். கட்டு இறுக்கமா இருக்கும்" என்று பேண்டேஜைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். படப்பைக்காரிக்கு நாங்கள் ஏன் வரவில்லை என்று விளக்க வேண்டுமே.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். போன் போட்டு, "வாங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் வந்தார். வந்தவர் என் இரண்டு பாதங்களையும் இரண்டு கையால் தொட்டார். வலது சூடு, இடது ஜில்லென்று இருந்தது, துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. அப்படியே என்னைத் தூக்கிக் காரில் போட்டார். தம்பி ஓடி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டான். இந்த முறை பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே எலும்பு டாக்டர் நடுத்தர வயதுக்காரர். பாதத்தின் மேல் விரலை வைத்துத் தேடினார். குனிந்து மறுபடி தேடினார். "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

"படியில..." என்று தம்பி ஆரம்பித்தான்.

எனக்கு வந்த கோபத்தில் வலி ஒரு நொடி நின்றுவிட்டது. மைதானத்தில் கத்துகிற குரலில் சொன்னேன். "பைக்ல இருந்து விழுந்தேன் டாக்டர். முட்டி கழண்டு வெளியே வந்துச்சு. இவன்தான் இழுத்துப் போட்டான். படியில விழல. இவன் சொல்றது பொய்."

கழன்றது என்ற வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி அந்த அறை மாறியது. நர்ஸ் ஓடினார், ஸ்கேனுக்கு ஒருவர் போன் செய்தார், ரத்தக் குழாய் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் அப்போதுதான் உண்மை தெரியும். தம்பி தரையைப் பார்த்தான்.

ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, கால் இருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். இருந்தது. முட்டிக்கு மேலும் கீழும் எலும்பில் கம்பி இறக்கி வெளியே ஒரு இரும்புச் சட்டம் மாட்டியிருந்தார்கள். கெண்டைக்காலில் வீக்கத்துக்கு இடம் கொடுக்க இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, மூடாமல் விட்டிருந்தார்கள். அடைத்துக்கொண்ட குழாய்க்குப் பதிலாக என் வலது காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து இடது காலில் தைத்திருந்தார்கள். வலது கால் கேட்காமலே கொடுத்தது. கூடப் பிறந்தது என்றால் அது.

டாக்டர் என் கட்டிலுக்கு அருகில் நின்று நிதானமாகச் சொன்னார்.

"முட்டி கழண்டு திரும்ப உள்ள போயிட்டா எக்ஸ்ரேல எதுவும் தெரியாதும்மா. முட்டிக்குப் பின்னாடி போற ரத்தக் குழாய் இழுபட்டு உள்பக்கம் கிழிஞ்சிருக்கும். முதல்ல ரத்தம் ஓடும், கால் சூடாத்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு அடைச்சுக்கும். கழண்டதுனு தெரிஞ்சா யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. படுக்க வச்சு நாடி பார்த்துட்டே இருப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க. ரத்தம் இல்லாம கால் ரொம்ப நேரம் தாங்காது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும்."

பிறகு தம்பியிடம் திரும்பினார். "நீங்க இழுத்துப் போட்டது தப்பில்ல. நாங்களும் அதைத்தான் செய்வோம். சொல்லாம விட்டதுதான் தப்பு."

"நான் சொன்னேன் டாக்டர்" என்றேன். "நான் சொன்னேன். இவன் சிரிச்சான்."

தம்பி அழுதான். உண்மையான அழுகைதான். ஆனால் மன்னிப்பு என்று ஒன்று அவன் வாயிலிருந்து வரவில்லை. "எனக்கு என்னக்கா தெரியும், இவ்ளோ ஆகும்னு" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்த ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொன்னது. ஒரு ஏட்டு வந்தார், கேட்டுக்கொண்டார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "தானா வழுக்கி வுயுந்ததுக்கு இன்னாம்மா கேஸு. ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எந்தப் பூதத்துக்குப் பயந்து என் காலை அடகு வைத்தானோ, அந்தப் பூதம் வந்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. தம்பிக்கு வேலை ஒரு தடையும் இல்லாமல் கிடைத்தது.

எனக்குப் போனதைச் சொல்கிறேன். கெண்டைக்காலின் சதையில் ஒரு பகுதி செத்துவிட்டது, வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆறிய பிறகு முட்டியின் ஜவ்வுகளைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன். ஒரு ஜவ்வு போனால் விளையாட்டுக்காரர்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏறக்குறைய எல்லாமே போயிருந்தன. பாதத்தைத் தூக்கும் நரம்பு உயிர் பெறவே இல்லை. நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் தட்டும். அதற்காக ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொள்கிறேன். பிசியோதெரபியில் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கியும் முட்டி நாற்காலியில் உட்காரும் அளவுக்குத்தான் மடங்குகிறது. தரையில் உட்கார முடியாது. ஓடவே முடியாது. பள்ளியில் இரக்கப்பட்டு நூலகத்தில் போட்டார்கள். நூலக ஜன்னலுக்கு நேரே மைதானம். புதிதாக வந்த பி.டி. மிஸ் நல்ல பெண். அவள் விசில் ஊதும்போதெல்லாம் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

நான் இன்னும் இரும்புச் சட்டத்தோடு படுத்திருந்தபோதே அம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். படப்பையில் எல்லோரும் விசாரிக்கிறார்களாம். "பொண்ணு வீட்டுக்குப் போற வழியில விழுந்தேன்னு சொல்லாத. அந்தப் பொண்ணு ராசி சரியில்லனு நம்ம ஆளுங்களே பேசுவாங்க. படின்னே இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்காக ஒத்துக்கொண்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? நல்லபடியாகப் படித்த, வாய் நிறையச் சிரிக்கிற பெண். இல்லாத ராசியை அவள் தலையில் கட்டி, வாழ்நாள் முழுக்க அவளைக் குத்திக் காட்ட எங்கள் குடும்பத்தில் ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போகும்போது, "உனக்கு வாழ்க்கை அமைஞ்சு குழந்தையும் ஆச்சு. அவனுக்கு இனிமேதான்" என்றாள். காலில் கம்பி இறக்கியிருந்த இடங்கள்கூட அப்படி வலிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. நான் மண்டபத்தில் முதல் வரிசையில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் படியைப் பற்றிக் கேட்டார்கள், நானும் படியைப் பற்றிச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு தம்பி அம்மா வீட்டு மாடிப்படிக்குப் பளபளவென்று ஒரு ஸ்டீல் கைப்பிடி போட்டான். சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம், "அக்கா விழுந்ததுக்கு அப்புறம் போட்டதுங்க" என்று அதைத் தட்டிக் காட்டுவான். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் மாடிக்குப் போக வேண்டுமென்றால் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வேறு வழியில்லை, பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

போன மாதம் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. அம்மா வீட்டிலேயே வைத்தார்கள். எல்லோரும் தரையில் பாய் விரித்துச் சாப்பிட, நான் மட்டும் உள்ளறையில் நாற்காலியில் இருந்தேன். தம்பி எனக்குத் தட்டில் புளிசாதமும் அப்பளமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் கட்டிலில் உட்கார்ந்தான். கொஞ்சம் முன்னால்தான் அவன் தன் மாமனாருக்குப் படிக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவனை மடக்க வேண்டும் போல இருந்தது.

"ஏண்டா, நான் விழுந்தப்போ நீ எங்க இருந்த?" என்று கேட்டேன்.

தலைகுனிவான் என்று நினைத்தேன். குறைந்தது கோபமாவது படுவான். அவன் யோசிக்கக்கூட இல்லை.

"கீழதான்கா. வண்டி துடைச்சிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்ல."

அவன் முகத்தைப் பார்த்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, வயிற்றுவலி என்று மைதானத்துக்கு வராத பிள்ளை, யார் பொய் சொன்னாலும் நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்தவள் நான். தம்பியின் முகத்தில் எதுவும் இல்லை. சின்ன வயதில் நான் ஜுரத்தில் படுத்தால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானே, அப்போது இருந்த அதே முகம். "இன்னொரு அப்பளம் வைக்கட்டாக்கா?" என்றான்.

என்றைக்காவது ஒரு நாள் அவன் வந்து, "அக்கா, நான் செஞ்சது தப்பு" என்று சொல்வான் என அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட நூலகத்தில் உட்கார்ந்து பல தடவை யோசித்து வைத்திருந்தேன். அவன் மறைக்கிறான் என்றால் ஒருநாள் சொல்லலாம். அவனிடம் அந்த ஞாபகமே இல்லை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டியவன் எப்போதோ இறங்கிப் போய்விட்டான். மண்ணிவாக்கம் தாண்டி அந்தச் சாலையில் அன்றைக்கு விழுந்தது நான் ஒருத்திதான்.